ஆடியில் வந்த கல்யாண வேட்டி

ஆடி 12, ஞாயிறு.

இன்று குற்றாலத்தில் நல்ல சாரல். அருவியில் குளித்து வந்தவர்கள் எல்லாரும் எங்கள் நெசவாளர் சங்கக் கடையில் கேட்டது துண்டு. என்னிடம் ஒன்றுகூட இல்லை. மத்தியான பஸ்ஸில் தென்காசியிலிருந்து வந்த கட்டை ஆசையாகப் பிரித்தேன். அத்தனையும் ஜரிகைக்கரை வேட்டி. ஆடியில் எவன் கல்யாணம் வைப்பான்?

எந்தத் தறியில் எதை நெய்வது என்று முடிவு செய்கிற மேனேஜரிடம் போன மாதமே நேரில் போய்ச் சொன்னேன்.

"சீசன் வருது அண்ணாச்சி. பாதித் தறியிலாவது துண்டு போடச் சொல்லுங்க."

அந்த மேதாவி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நெய்யுறதை நான் பாத்துக்கிடுதேன். வந்ததை விக்கிறதுதான் வே உம்ம வேலை."

கடைக்காரன் பேச்சைக் கேட்டால் அவர் நாற்காலி இறங்கிவிடும் போலிருக்கிறது.

சாயங்காலம் அவரே குடும்பத்தோடு குளித்துவிட்டு ஈரத்தோடு கடை வாசலில் வந்து நின்றார்.

"துண்டு எடும் வே. சின்னவ வெடவெடன்னு நடுங்குதா."

நான் வேட்டிக் கட்டைக் காட்டினேன். "நீங்க அனுப்பினது இதுதான் அண்ணாச்சி."

முகம் கறுத்துவிட்டது. எதிரே சாக்கு விரித்து விற்றவனிடம் மில் துண்டு வாங்கி, என் கண்ணெதிரே தலையைத் துவட்டினார். போகும்போது மனைவியிடம் எனக்குக் கேட்கும்படியே சொன்னார்: "விக்கத் தெரியாத ஆளு. வேட்டி தேங்குச்சுன்னா தறியை நிறுத்திர வேண்டியதுதான்."

இந்த மனுஷனை நம்பித்தான் அத்தனை நெசவாளர் வீடுகளிலும் உலை வைக்கிறார்கள். தூ.