தென்னைக்குப் போன உப்பு

ஹீட்டருக்குள்ளிருந்து உருவிய காயில் கம்பி துவைகல்லின்மேல் கிடக்கிறது. சுண்ணாம்பில் முக்கியெடுத்த கைமுறுக்கு போல இருக்கிறது. தட்டினால் வெள்ளைப் பொருக்கு உதிர்கிறது. பார்த்ததும் உங்கள் நினைவு வந்து கண் கலங்கியது என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் முதலில் வந்தது எரிச்சல்தான். நீங்கள் பாட்டுக்குப் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. இந்தத் தண்ணீரோடு மல்லுக்கட்ட என்னை விட்டுவிட்டீர்கள்.

நேற்றுவரை குழாயில் அதே தண்ணீர்தான் வந்தது. துவரம்பருப்பு வேக மாட்டேன் என்றது. கிளாஸில் ஊற்றிய தேயிலையின்மேல் ஆடை கட்டியது. குளியலறைப் பூவாளியில் பாதித் துளை அடைத்துக்கொண்டு, குளிக்க நின்றால் தண்ணீர் என்மேல் விழாமல் சுவரைக் குளிப்பாட்டியது. வாஷிங் மெஷினிலிருந்து எடுத்துக் காயப்போட்ட துண்டு பப்படம் மாதிரி விறைத்து நின்றது. சோப்பு கரைந்தது, நுரை மட்டும் வரவில்லை. குளச்சல் ரோட்டில் நம் வரிசையில் எந்த வீட்டு வாளியைப் பார்த்தாலும் உள்ளே அந்த வெள்ளை வளையம்தான்.

தாலுகா ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற மனுஷர்கள் கோயிலுக்குப் போவார்கள், பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவார்கள். நீங்கள் பாட்டிலும் சோப்புத் துண்டுமாக அலைந்தீர்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் குழாயைத் திறந்து பாட்டிலில் பிடித்து, சோப்பைப் போட்டுக் குலுக்கி, நுரை எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். குலசேகரத்தில் என் தங்கை மகள் கல்யாணம் நினைவிருக்கிறதா? பந்தி நடக்கிறது, நீங்கள் கைகழுவும் இடத்தில் நின்று பாட்டிலைக் குலுக்குகிறீர்கள். நுரை கழுத்துவரை ஏறியது. "ஏட்டி, பாத்தியா! இதுக்குப் பேருதான் தண்ணி!" என்று மாப்பிள்ளை வீட்டார் முன்னால் ஒரு கூச்சல். எனக்கு அன்றைக்குப் பாயசம் இறங்கவில்லை.

அதன்பிறகுதான் உங்கள் சினேகிதர் தங்கப்பனைக் கூப்பிட்டு அந்த உயரமான குழலை மாடிப்படியடியில் நிறுத்தினீர்கள். தண்ணீரின் கடினத்தை எடுக்கும் சாஃப்ட்னர். ஹீட்டர், மிக்சி, மோட்டார் என்று நம் வீட்டில் எது பழுதானாலும் நாற்பது வருஷமாகத் தங்கப்பன்தான். எல்லாம் சரி, அந்தக் குழலுக்கு வாரா வாரம் கல்லுப்பைக் கரைத்து ஊற்ற வேண்டும் என்றீர்கள். எனக்குச் சிரிப்பாணி பொத்துக்கொண்டு வந்தது.

"உப்புத் தண்ணியில பின்னயும் உப்பா? ஒங்களுக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா?"

"இது சயின்ஸு கேட்டியா. தண்ணியில கெடக்க கல்லையெல்லாம் அந்தக் குழலு பிடிச்சு வைக்கும். வாரத்துல ஒருக்க உப்பு போயி அதக் கழுவி வெளிய தள்ளணும்."

சயின்ஸாம். ஆனாலும் நீங்களே செய்துகொண்டிருந்தவரை நான் வாயைத் திறக்கவில்லை. உங்கள் முட்டு ஆபரேஷனுக்குப் பிறகு குனிய முடியாமல் போனதும் அந்த வேலை என் தலையில் வந்தது. திங்கட்கிழமை தோறும் ரெண்டு கிலோ. கட்டிலில் இருந்தபடியே கேட்பீர்கள், "போட்டியா?" நானும், "போட்டாச்சு" என்பேன்.

போட்டேன்தான். கொல்லையில் நின்ற தென்னைக்குப் போட்டேன். தென்னைக்கு உப்பு வைப்பது நம் ஊரில் எல்லாரும் செய்வது. நல்ல உப்பை ஒரு குழலுக்குள் ஊற்றிச் சாக்கடைக்கு விட என் கை ஒப்பவில்லை. மரமும் சும்மா சொல்லக்கூடாது, மட்டை பச்சை பிடித்து, குலை குலையாகத் தள்ளியது. நீங்கள் வேறு ஜன்னல் வழியாகப் பார்த்து, "நான் வச்ச பிள்ளையில்லா!" என்று பெருமைப்பட்டுக்கொண்டீர்கள்.

ஆறே மாதத்தில் ஹீட்டர் போனது. தங்கப்பன் புதுக் காயில் மாட்டினார், அதுவும் போனது. வாஷிங் மெஷின் தண்ணீர் இழுக்காமல் நின்றது. நீங்கள் பாட்டிலை எடுத்துக் குலுக்கினீர்கள். நுரையே இல்லை. உடனே தங்கப்பனுக்கு ஆள் போனது.

அன்றைக்கு நீங்கள் பேசிய பேச்சு! பழைய குழலை உங்கள் தலையில் கட்டிவிட்டாராம், சினேகிதனையே ஏமாற்றிவிட்டாராம். தங்கப்பன் பொறுமையாக ஒன்றுதான் கேட்டார். "அண்ணாச்சி, உப்பு ஒழுங்கா போடுகியளா?"

"எம் பெஞ்சாதி வாரம் தவறாம போடுகா! அவ ஒரு வேலைய ஏத்துக்கிட்டா தவறமாட்டா, வே! இனி எம் படி ஏறாத!"

நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் தோசைக் கரண்டியோடு நின்றேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை வெளியே வந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பயம் ஒன்றுமில்லை, வெட்கம். தங்கப்பன் பின்கதவு வழியாக இறங்கி, கொல்லையைச் சுற்றிக்கொண்டு போனார். தோசை கருகியது. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். இடையில் உப்பைப் போட்டு நுரை வந்துவிட்டால் குட்டு உடைந்துவிடும் என்று குழல் பக்கமே போகவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று ஒரு வருஷம் ஓடியது. ஒருநாள் நீங்களே இல்லை. உங்களை எடுத்த அன்று தங்கப்பன் வந்தார். படி ஏறவில்லை. வெயிலில் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டுப் போனார்.

பிறகு வந்த மெக்கானிக்குகளைப் பற்றிக் கேட்காதீர்கள். ஆளுக்கு ஒரு காயில் மாட்டினார்கள், ஆளுக்கு ஒரு பொடி தந்தார்கள். நேற்று ஹீட்டர் மறுபடி டப்பென்று போனதும் எனக்கு வெறுத்துப்போய்விட்டது. தங்கப்பனுக்கே போன் செய்தேன். இன்று காலையில் வந்தார். தலை முழுக்க நரைத்திருக்கிறது. கேட்டில் நின்று, "ஏறலாமா மைனி?" என்று கேட்டார். நான் போய்க் கேட்டை விரியத் திறந்தேன்.

காயிலை உருவித் துவைகல்லில் வைத்தார். நானே சொன்னேன், "தம்பி, நான் அதுல உப்பே போடல. அன்னைக்கும் போடல. எல்லாம் தென்னைக்குத்தான் போட்டேன்."

அவர் காயிலைத் தட்டிக்கொண்டே சொன்னார், "தெரியும் மைனி. அன்னைக்குக் கொல்ல வழியா போவும்போ பாத்தேன். தென்னைக்க மூட்டடியில உப்பு கரையாம கெடந்து."

"பின்ன ஏன் அவங்கள்ட்ட சொல்லல?"

"என்னத்தச் சொல்ல? எம் பெஞ்சாதி தவறமாட்டான்னு அண்ணாச்சி அவ்வளவு உறப்பா சொல்லிட்டாரு. அதுக்கு மேல நான் வாயத் தொறந்தா நல்லாவா இருக்கும்?"

எனக்கு உங்கள்மேலும் கோபம், அவர்மேலும் கோபம். இரண்டு பேரில் ஒருவராவது என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

தங்கப்பன் உப்பைக் கரைத்து இரண்டு தடவை குழலைக் கழுவினார். பிறகு உங்கள் பாட்டிலைத் தேடி எடுத்து, குழாயில் பிடித்து, சோப்பைப் போட்டு என்னிடம் நீட்டினார். குலுக்கினேன். கழுத்துவரை நுரை. குலசேகரத்து நுரை. தங்கப்பன் உள்ளே வந்து உட்கார்ந்து தேயிலை குடித்துவிட்டுப் போனார். தேயிலையில் ஆடை கட்டவில்லை.

இனித் திங்கட்கிழமை தோறும் உப்பு குழலுக்குத்தான். தென்னை காய்த்தால் காய்க்கட்டும், இல்லாவிட்டால் போகட்டும். நீங்கள் கட்டிலில் இருந்து "போட்டியா?" என்று கேட்பது எனக்கு இன்னும் கேட்கத்தான் செய்கிறது. அன்றைக்கெல்லாம் போடவில்லை. தங்கப்பனிடம் சொல்லிவிட்டேன், உங்களிடம் இப்போது சொல்கிறேன். இன்றைக்குப் போட்டாச்சு.