மத்தியானச் சாப்பாட்டை விட்டுக்கொடுக்க மாட்டேன்

என் அன்புக்குரிய நிலாவின் அப்பாவுக்கு,

நீங்கள் கண்மூடிப் போனபிறகு எங்கள் சுவிஸ் பேர்ண் வீட்டில் மத்தியானத்தில் ஆளில்லை. பள்ளிக்கூடம் பன்னிரண்டு மணிக்குப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடும். நீங்கள்தான் இரவு வேலை முடித்து வந்து, கண் எரிய எரிய அவளுக்குச் சோறு போடுவீர்கள். அந்த நேரத்தில் நான் ஆஸ்பத்திரிக் குசினியில் ஊராருக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருப்பேன். இப்போது அவள், வீட்டில் ஆளில்லாத பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடம் நடத்தும் 'சாப்பாட்டு மேசை'யில் சாப்பிடுகிறாள். எட்டு வயதுப் பிள்ளை வேறு எங்கே போவாள்?

அந்த மேசையை வியாழக்கிழமைகளில் மூடப் போகிறார்களாம். பிள்ளைகள் குறைவாம். பாடசாலை நிர்வாகக் குழுத் தலைவி பெற்றோர் கூட்டத்துக்கு வந்து சொன்னார். "யாருக்காவது மறுப்பு இருக்கிறதா?" என்றும் கேட்டார். எங்கள் தமிழ்ச் சனம் முழுக்கத் தலையைக் குனிந்துகொண்டது. நீங்களும் அப்படித்தானே? கூட்டத்துக்கு ரோல்ஸ் பொரித்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, வாய் திறக்காமல் திரும்பி வருவீர்கள்.

நான் கையை உயர்த்தினேன். பக்கத்தில் இருந்த ராசன் அண்ணை பதறிப்போனார்.

"சும்மா இரு பிள்ளை. பிறகு டீச்சர் பிள்ளையிலைதான் கோவத்தைக் காட்டுவா."

"காட்டட்டும் அண்ணை. நானும் பாக்கிறன்."

எழும்பி நின்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில், பிழை பிழையாகக் கதைத்தேன். என் பிள்ளை ஆளில்லாத வீட்டில் தனியே சாப்பிட வேண்டுமா என்று கேட்டேன். "பெற்றோர் கருத்துச் சொல்லலாம், முடிவு எங்களுடையது" என்று தலைவி சிரித்தார். அப்படியென்றால் கருத்தை முழுதாகக் கேளுங்கள் என்றேன். இந்த நாட்டுக் குடியுரிமை இல்லாததால் அந்தக் குழுவைத் தெரிவுசெய்ய எனக்கு வாக்கில்லை. வாய் இருக்கிறதே!

ஆத்திரத்தில் அழுகை வந்தது. அப்போது பின்வரிசையில் ஒரு எரித்திரியத் தாய் எழும்பினார். பிறகு ஒரு சுவிஸ் தகப்பன். கடைசியில், நம்ப மாட்டீர்கள், ராசன் அண்ணையும் கையைத் தூக்கினார். முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள். நிலாவின் வகுப்புப் பெற்றோர் என்னையே பெற்றோர் மன்றத்துக்குப் பிரதிநிதியாக்கிவிட்டார்கள்.

நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? "இஞ்சேரப்பா, உமக்கேன் இந்த வேலை?" என்றா? சொல்லுங்கள். நான் கேட்கப்போவதில்லை.

மூடத்தான் போகிறோம் என்று அவர்கள் முடிவெடுத்தால், அடுத்த வியாழன் மத்தியானமே நிலாவைச் சாப்பாட்டுப் பெட்டியோடு கூட்டிக்கொண்டு பாடசாலை அலுவலகத்துக்குப் போவேன். அங்கே இருந்து சாப்பிடட்டும். என் வேலை போனாலும் போகட்டும். உங்கள் வெறும் கதிரையைப் பார்த்துக்கொண்டு அவளைத் தனியே சாப்பிட விடமாட்டேன். இது சத்தியம்.

உங்கள் மனுசி,
நிலாவின் அம்மா