முப்பத்தாறு குழாய்கள்

மார்ச் 3
இன்று நூற்றுப்பன்னிரண்டு சோதனைக் குழாய்கள். ஒன்றின் மூடியைச் சரியாகத் திருகாமல் அனுப்பி, உறை முழுக்கச் சளித் தண்ணீர். சீ! பதினோரு வருஷமாக ஊர்ச் சளியில்தான் சாப்பிடுகிறேன் என்று தம்பி கேலி செய்வான். போன மாதம் மேலாளரிடம் சொல்லி, மூக்கில் மாதிரி எடுக்கும் வேலையில் அவனையும் சேர்த்துவிட்டேன். இனி அவனுக்கும் அதே சாப்பாடுதான்.

மார்ச் 9
முதியோர் இல்லத்திலிருந்து முப்பத்தாறு குழாய்கள். அங்கே நாலு பேருக்குக் காய்ச்சல். முடிவு வரும்வரை எல்லாரும் அவரவர் அறையில் அடைப்பு. நெகட்டிவ் என்றால் பழையபடி கூடத்தில் சேர்ந்து சாப்பிடலாம்.

வைரஸ் இருந்தால் திரையில் ஒரு கோடு எழும்; ஒன்றில்கூட அந்த வைரஸ் கோடு எழவில்லை. மனிதக் கோடும் எழவில்லை!

குச்சி யார் மூக்கைத் தொட்டாலும் அந்த ஆளின் செல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். அதற்கென்று தனியாக ஒரு கோடு உண்டு. அது இல்லையென்றால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை, மூக்கே இல்லை என்று அர்த்தம். இயந்திரக் கோளாறோ என்று மறுபடி ஓட்டினேன். மற்ற இடத்துக் குழாய்களில் ஒழுங்காக எழுகிறது. இந்த முப்பத்தாறு மட்டும் படுத்தே கிடக்கிறது.

மாதிரி எடுத்தவர் என்ற இடத்தில் தம்பியின் கையெழுத்து.

சாயங்காலம் கேட்டேன். முதலில் மழுப்பினான். பிறகு, "வேன்லயே உக்காந்து, யார் மூக்குலயும் விடாம, வெறும் குச்சியை உடைச்சுக் குழாய்ல போட்டுட்டேன்க்கா. அதுங்க இருமுது, துப்புது, கையத் தட்டி விடுது. எப்படியும் நெகட்டிவ்தானே வரப்போகுது?"

அதுங்களாம். இத்தனை வருஷச் சளியில் ஒன்றுகூட இவ்வளவு அருவருப்பாக இருந்ததில்லை.

மார்ச் 10
மேலாளர் திரையைப் பார்க்கக்கூட இல்லை. "நெகட்டிவ்னு அனுப்பிடும்மா. வைரஸ் இல்லைங்கறது உண்மைதானே? திரும்ப எடுக்கணும்னா உன் தம்பி வேலைதான் போகும். பாத்துக்கோ."

உண்மைதான். பிளாஸ்டிக் குச்சிக்குச் சளி பிடிக்காது.

நெகட்டிவ் அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன். தூ!

மார்ச் 11
அதுங்க என்று சொன்னவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? இல்லத்துக்குப் போன் செய்து, முடிவு செல்லாது, யாரையும் வெளியே விடாதீர்கள் என்றேன்.

நர்ஸ் பதறினாள். "நேத்து சாயங்காலமே எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டாச்சேம்மா... உங்க ஆளு உள்ளேயே வரல. வாசல்லயே பேர் லிஸ்ட்டை வாங்கிட்டுப் போனாரு. பெரிய லேப்பாச்சே, புது முறையோ என்னவோன்னு நானும் இருந்துட்டேன்."

மார்ச் 12
நானே போய் எடுத்தேன். கடைசி அறையில் ஒரு காலத்தில் தையற்கடை வைத்திருந்த அம்மா. குச்சி உள்ளே போனதும் கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு. "இவ்வளவு உள்ள போறியே, மூளை தட்டுப்பட்டா கொஞ்சம் விட்டு வைம்மா!" யாரும் துப்பவில்லை. யாரும் கையைத் தட்டி விடவில்லை.

மனிதக் கோடு முப்பத்தாறு. வைரஸ் கோடு ஒன்பது. தையற்கார அம்மாவுக்கு இல்லை.

மார்ச் 13
தம்பிக்கு வேலை போயிற்று. "கூடப் பொறந்தவனையே காட்டிக் குடுத்துட்டியேடி" என்று அம்மா போனில் அழுதாள்.

பத்தாம் தேதி அறிக்கை கோப்பில் இல்லை. இல்லத்துக்கு 'தட்டச்சுப் பிழை' என்று கடிதம் போயிருக்கிறது. மேலாளர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

மார்ச் 17
மறுபரிசோதனை. தையற்கார அம்மாவின் வைரஸ் கோடு எழுந்துவிட்டது. செங்குத்தாக.

மார்ச் 18
ஆய்வகச் சுவரில் புது அறிவிப்பு: 'மனிதக் கோடு இல்லையேல் முடிவு இல்லை.' கீழே மேலாளர் கையெழுத்து. கண்ணாடிச் சட்டம் வேறு!

மார்ச் 24
இல்லத்திலிருந்து குழாய்கள் வந்தன. இரண்டு தடவை எண்ணினேன். கூடவே வந்த பட்டியலில் தையற்கார அம்மாவின் பேரை அடித்திருந்தார்கள்.

சாயங்காலம் தம்பி வந்தான், பத்து நாளுக்கு அப்புறம். வாசலிலேயே நின்றான். "இன்னிக்கு அங்கேருந்து எத்தனை குழாய்க்கா வந்துச்சு?"

"முப்பத்தஞ்சு."

செருப்பைக்கூடக் கழற்றாமல் படியில் உட்கார்ந்து அழுதான். "நான்தான்க்கா, நான்தான்" என்றான். தலையைத் தடவிக் கொடுத்தேன். பத்தாம் தேதி போட்ட கையெழுத்தைப் பற்றி நான் அவனிடம் சொல்லவில்லை.