செத்தவங்க ஊரு மாதுளம்பழம்

மகாராணி ஜெனிட்டாவுக்கு, மஸ்கட்டிலிருந்து உன் புருசன் ஜெபசிங் கும்பிடு போட்டு எழுதுறது. நீயும் நம்ம பொண்ணு கவியாவும் சுகமா? நான் சுகந்தான். உன் சமையலு இல்லாததால வயிறும் சுகம்.

போன்ல பேசுனா குரல் காட்டிக் குடுத்துடும். அதான் லீவுல ஊருக்கு வர்ற ஆபிரகாம் அண்ணன்கிட்ட லெட்டரு குடுத்து வுடுறேன்.

எங்க மொதலாளி ஸ்வாதி மேடம் கூட்டாளிங்களோட தாயக்கட்டை உருட்டி ஒரு கதை வெளையாட்டு ஆடுவாங்க. எல்லாம் கிரேக்க நாட்டுப் பழங்கதைல எடுத்தது. ஒரு ஆளு குறையுதுன்னு சமையக்கட்டுல இருந்த என்னையும் உக்கார வெச்சாங்க. கதைல செத்தவங்க ஊருக்குப் போனோம். அந்த ஊரு ராணி மாதுளம்பழம் குடுத்துச்சாம். எல்லாரும் தின்னாங்க. நான், "சாவு வூட்ல பொணம் எடுக்காம வாய் நனைக்க மாட்டோம் மேடம்"னேன். பாத்தா, அங்க தின்னவங்க திரும்பவே முடியாதாம்.

"ஜெபசிங்கண்ணே, நீங்க மட்டும் வூட்டுக்குப் போலாம்"னு கை தட்டுனாங்க.

"அப்போ நெசமாவே அனுப்புங்க மேடம். எங்கம்மாவோட முப்பதாம் நாள் ஜெபத்துக்காவது போறேன்"னு கேட்டேன்.

"டிசம்பர்ல பாக்கலாம்ணே"ன்னு கட்டைய உருட்டிட்டாங்க. நான் டீ போடப் போயிட்டேன்.

அடக்கத்துக்கும் வரல, இதுக்கும் வரல. பெத்தவளுக்கு ஒரு புடி மண்ணு போடல.

அம்மா உப்பு போட்டு வெச்ச கருவாடு மிச்சம் கீதுன்னா, அண்ணன் திரும்பி வரும்போது குடுத்தனுப்பு. அப்புறம், ஜெபத்தன்னிக்கு நம்ம ஊரு திருவிடந்தையில யாராச்சும் மவன் எங்கன்னு கேட்டா, சீக்கா படுத்துகினு கீறான்னு சொல்லு. லீவு குடுக்கலன்னு மட்டும் சொல்லாத. அண்ணன் கெளம்பிட்டாரு, நிறுத்துறேன்.

ஜெபசிங்