ஆறாவது கை

அன்பு மகள் கிஸ்தாராவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் ஒன்பது நாய்களும் சுகம், அங்கே நீ சுகமா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, கையுறை இரண்டும் இன்னும் ஜோடியாகத்தான் இருக்கிறதா என்று அறிய ஆசை. இது உன் கையில் சேரும்போது உன் சுற்றுலாக் கப்பல் வடதுருவப் பக்கத்தை முடித்துக்கொண்டு தென்துருவத்துக்குக் கிளம்ப உஸ்வாயா துறைமுகத்தில் நிற்கும் என்று கணக்குப் போட்டு அந்த விலாசத்துக்கே அனுப்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ "சாப்பிட்டாச்சாப்பா" என்பாய், நான் "ஆச்சு" என்பேன், அதோடு பேச்சு தீர்ந்துவிடும். எனக்கு உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, உன் குரலைக் கேட்டுக்கொண்டே அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

முதலில் ஊர் சேதி. மலை உச்சியில் பனி விழுந்தாயிற்று. சாமான் கப்பல் போன வாரம் வந்து போனது, இனி அடுத்த கோடையில்தான், வெங்காயம் பாதி அழுகல். குப்பைமேட்டுக்கு ஒரு கரடி வந்தது, வெடி போட்டு விரட்டினோம், போகிற போக்கில் பக்கத்து வீட்டு பெனெதிக்தேயின் மீன் காயப்போட்ட கொடியை இழுத்துக்கொண்டு போய்விட்டது. அவள் கரடியை விட்டுவிட்டு என்னைத் திட்டினாள். தரை உறைந்து இறுகுவதற்குள் குளிர்காலத்துக்கான கல்லறைக் குழிகளையும் எப்போதும் போலத் தோண்டி வைத்துவிட்டோம், இந்த வருஷம் மூன்று. யாருக்கு என்று தெரியாமல் தோண்டுகிற வேலை, ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்க்காமல் தோண்டினோம். பயப்படாதே, எனக்கு முட்டி வலியைத் தவிர ஒன்றுமில்லை. அம்மாவின் சிலுவை காற்றில் சாய்ந்திருந்ததைக் கோடையிலேயே கல் வைத்து நிமிர்த்தி வெள்ளை பெயிண்ட் அடித்துவிட்டேன். போன வருஷம் ஜனவரியில் அவள் போனபோது நீ பூமியின் அடுத்த கோடியில் பென்குயின்களுக்கு நடுவே இருந்தாய், கப்பல் கரைக்குத் திரும்பவே பத்து நாள், அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நீ வரவில்லை என்று யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. அவள் கிடக்கிற இடத்தை நீ இன்னும் பார்க்கவில்லையே என்பது மட்டும் எனக்கு ஓயாமல் அரித்துக்கொண்டே இருந்தது.

அதனால்தான் ஆகஸ்டில் உங்கள் கப்பல் நம் கடற்கழிக்கு வரும், மூன்று மணி நேரம் கரையிறங்கலாம், அதில் ஒரு மணி நேரம் நீயும் நானும் அம்மாவிடம் போகலாம் என்று நீ எழுதியபோது அந்தக் கடிதத்தை நாய்களுக்குக்கூடப் படித்துக் காட்டினேன். திரைச்சீலை துவைத்தேன். அந்த நாளில் நம் வீட்டில் காஃபெமிக், எல்லாரும் காபிக்கும் கேக்குக்கும் வாருங்கள் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன். உன் கப்பல்காரர்கள் இறங்குமுன் காலணி கழுவுவார்கள், சட்டைப்பையில் ஒட்டிய விதையைக்கூட ஊசி வைத்து எடுப்பார்கள், வெளியூர் விதை நம் மண்ணில் விழக் கூடாதாம், பயணிகளுக்கு அதெல்லாம் சொல்லிக் கொடுக்கிற வழிகாட்டி என் மகள்தான் என்று பெருமை பேசியதற்கு பெனெதிக்தே, "எது, சேத்துக் காலோட வீட்டுக்குள்ள வந்து அம்மாகிட்ட மொத்து வாங்குவாளே, அவளா?" என்றாள்.

இனி சொல்ல வேண்டியது. இந்த வருஷம் பனிக்கட்டி கரைய நேரமாகிவிட்டது. ஒற்றைக்கொம்புத் திமிங்கிலங்கள் மூன்று வாரம் தாமதமாக வந்து, சரியாக உன் கப்பல் வருகிற வாரத்தில்தான் கழிக்குள் நுழைந்தன. உனக்குத் தெரியாததா, எங்கேயோ இஞ்சின் சத்தம் கேட்டாலே போதும், வாயை மூடிக்கொண்டு போய்விடும், திரும்ப எத்தனை நாளோ. போன வருஷம் வேறொரு கப்பல் யாரையும் கேட்காமல் நேரே உள்ளே வந்ததே, அன்று கரையில் நின்று அதிகம் கத்தியவன் நான்தான். "இது என்ன உங்க அப்பன் வீட்டுக் குளமா" என்று கத்தினேன், அவர்கள் கைகாட்டிப் படம் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் குளிர்காலம் பாதி வீடுகளில் மத்தாக் கிடையாது. கொழுப்போடு சேர்ந்த அந்தத் திமிங்கிலத் தோலைத் தின்னாமல் ஒரு குளிர்காலம் போவது இங்கே என்னவென்று கப்பலில் இருப்பவர்களுக்கு நீதான் சொல்லிப் புரியவைக்க வேண்டும். சொல்லவும் செய்தாய். ஊரைக் கேட்டுத்தான் வர வேண்டும், ஊர் வேண்டாம் என்றால் திரும்பிவிட வேண்டும் என்று உங்கள் கம்பெனியில் சண்டை போட்டு எழுத வைத்தவள் நீ. "உங்க பொண்ணு இருக்கான்னு எங்க கப்பலுக்கும் சலுகை கிடையாதுப்பா" என்று போனில் சொன்னாய். நான் சிரித்தேன், சிரித்திருக்கக் கூடாது.

உங்கள் கப்பல் கேட்ட கேள்வி வேட்டைக்காரர் சங்கத்துக்கு வந்தது. பதினோரு பேர் உட்கார்ந்தோம். வரட்டும் என்று ஐந்து கை, வேண்டாம் என்று ஐந்து கை. நான் இரண்டுக்கும் தூக்காமல் உட்கார்ந்திருந்தேன். தலைவர் ஹன்சேராக் என் பக்கத்தில் வந்து, "எனோக் அண்ணே, நீங்க வரட்டும்னு சொல்லுங்க, முடிஞ்சுது. மூணு மணி நேரந்தானே. அண்ணி கல்லறைய அந்தப் புள்ள பாக்க வேணாமா? யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டோம்" என்றான். வேண்டாம் என்று கை தூக்கியவர்களும் தலையாட்டினார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. போன வருஷம் அத்தனை கத்து கத்திவிட்டு, என் பிள்ளை வருகிறாள் என்றதும் கழியைத் திறந்துவிடுகிறவனாக என்னைப் பார்த்தார்கள். கிஸ்தாரா, கூட்டம் முடிவு பண்ணியது என்றுதான் ஹன்சேராக் உங்களுக்கு எழுதினான், என்னைக் காப்பாற்றுகிறானாம். வேண்டாம் என்று தூக்கிய ஆறாவது கை என்னுடையது.

இதோடு நிறுத்தினால் நான் பெரிய நியாயவான் ஆகிவிடுவேன், அதனால் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். கை தூக்கும்போது திமிங்கிலம் மட்டும் என் மனதில் இல்லை. மூன்று மணி நேரத்தை நினைத்துப் பார்த்தேன். நீ கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே காபி குடிப்பாய், மலையேறுவோம், இறங்குவோம், ரப்பர் படகில் ஏறிக் கைகாட்டுவாய். அதன் பிறகு கழுவ ஒரு கோப்பை இருக்கும். அம்மா போன பிறகு அந்த அமைதிக்கு இரண்டு குளிர்காலமாக என்னைப் பழக்கி வைத்திருக்கிறேன், மூன்று மணி நேரம் வந்து நீ அதைக் கலைத்துவிட்டுப் போனால் திரும்ப முதலிலிருந்து பழக எனக்குத் தெம்பில்லை. இதைக் கூட்டத்தில் சொல்லவில்லை. நீ வராமல் போனதற்கு ஊர் காரணம், திமிங்கிலம் காரணம், கொஞ்சம் இந்தக் கோழையும் காரணம். கோபப்படு, படுவாய், பட்டுவிட்டு மறுபடி படி.

அன்று காலை உங்கள் கப்பல் கழி வாயிலுக்கு வெளியே மெல்லப் போனது. நான் சமையலறை ஜன்னலில் தொலைநோக்கியோடு நின்றேன். மேல்தளத்தில் எல்லாரும் ஒரே சிவப்புச் சட்டை, எது நீ என்று பிடிபடவில்லை, ஒவ்வொருவரையும் நீ என்று வைத்துப் பார்த்தேன். அப்போது படகுகளோடு பேசுகிற ரேடியோவில் உன் குரல் வந்தது. "ஊருக்கு வணக்கம், உங்க முடிவுக்கு நன்றி, நாங்க வெளியிலயே போறோம், வேட்டை நல்லா அமையட்டும்" என்றாய், யாரோ அதிகாரி பேசுகிற மாதிரி. முடிந்தது என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "இங்கேருந்து கல்லறைத் தோட்டம் தெரியுது. ஒரு சிலுவை மட்டும் புதுசா வெள்ளையடிச்ச மாதிரி இருக்கு. அதுதானே?" என்றாய். ஊரில் எல்லா வீட்டு ரேடியோவும் திறந்துதான் இருந்தது, யாரும் பதில் சொல்லவில்லை, எனக்காக விட்டுவைத்தார்கள். ரேடியோவைக் கையில் எடுத்தேன். பொத்தானையும் அழுத்தினேன். உனக்கு வெறும் இரைச்சல்தான் கேட்டிருக்கும், அது நான்தான்.

காஃபெமிக்கை நிறுத்தச் சொல்லி யாரிடமும் சொல்லவில்லை, அதனால் எல்லாரும் வந்துவிட்டார்கள். அம்மா கையெழுத்தில் இருந்த குறிப்பைப் பார்த்து நானே கேக் சுட்டிருந்தேன், சோடா மாவு போட மறந்துவிட்டேன். பெனெதிக்தே ஒரு வாய் கடித்துவிட்டு, "எனோக், இதக் கயித்துல கட்டுனா படகுக்கு நங்கூரமாப் போடலாம்" என்றாள், சொல்லிவிட்டு இரண்டாவது துண்டும் எடுத்துக்கொண்டாள். உன் பேரை யாரும் எடுக்கவில்லை. சாயங்காலம் போகும்போது எல்லாரும் அவரவர் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்கள், இந்த ஊரில் அப்படி ஒரு வழக்கம் நான் பார்த்ததில்லை. உனக்கென்று எடுத்து வைத்திருந்த ஒரு கோப்பை மட்டும் மேசையிலேயே சுத்தமாக இருந்தது.

நான்கு நாள் கழித்துத் திமிங்கிலம் கிடைத்தது. ஊருக்கு அனுமதித்த அளவு, அதற்கு மேல் ஒன்றுமில்லை. இந்தக் குளிர்காலத்தில் எல்லா வீட்டிலும் மத்தாக் உண்டு. பங்கு வைக்கும்போது ஹன்சேராக் என் பங்குக்குப் பக்கத்தில் இன்னொரு பங்கு வைத்தான். இது யாருக்கு என்றேன். "கழிய விட்டுக் குடுத்த புள்ளைக்கு" என்றான். உறைபெட்டியில் உன் பேர் எழுதி வைத்திருக்கிறேன். எல்லை தாண்டி அதை அனுப்பக் கூடாது என்பது சட்டம், நான் அனுப்பவும் மாட்டேன், இங்கே வந்துதான் தின்ன வேண்டும்.

தெற்கே குளிரை லேசாக நினைக்காதே, காதை மூடு, உன் கப்பலில் இருப்பதாக நீ சொன்ன அந்த நார்வே சமையல்காரன் நல்லவன் என்றால் நல்லவனாகவே இருக்கட்டும், அவசரப்படாதே. நவம்பர் கடைசியில் இங்கே சூரியன் போய்விடும், ஜனவரியில் திரும்பும், மார்ச்சில் உன் வேலை முடியும்போது நல்ல வெளிச்சம் இருக்கும், நாய்வண்டி ஓடுகிற கெட்டிப் பனியும் இருக்கும். அம்மாவிடம் வண்டியிலேயே போகலாம். நீ நல்லபடியாக இருக்க வேண்டும், நீ போகிற கடலெல்லாம் உனக்கு அடங்கி இருக்க வேண்டும் என்று அம்மா சொல்கிற இடத்தில் இப்போது நான் சொல்கிறேன்.

ஒன்றை மறந்துவிடாதே. ஊரைக் கேட்டுவிட்டு வர வேண்டும் என்பது கப்பலுக்கு. நீ ஹெலிகாப்டரில் வா, சிவப்புச் சட்டை இல்லாமல் வா, யாரையும் கேட்காமல் வா, சேற்றுக் காலோடு உள்ளே வா. மூன்று மணி நேரத்துக்கு மட்டும் வராதே.

அந்தக் கோப்பையை இன்னும் எடுத்து வைக்காத
உன் அப்பா
எனோக்

ஆமாம், அதுதான். அந்த வெள்ளைச் சிலுவைதான்.