கையக் கொஞ்சம் எடுங்க

அண்ணா,

இதைப் படிக்காமல் கிழித்துப் போட்டாலும் உன்மேல் தப்பில்லை.

நான் இப்போது ஒரு பத்திரிகைக்காக ஊர் ஊராகப் போய், பார்களில் யாரும் திரும்பிப் பார்க்காத பொருள்களைப் படம் எடுக்கிறேன். நசுங்கிய சாம்பல் கிண்ணம், ஆடுகிற ஸ்டூலின் காலுக்கடியில் மடித்து வைத்த அட்டை, இப்படி. அன்று பகலில் ஆசிரியரும் கூட வந்திருந்தார். மேஜை துடைக்கும் ஈரத்துணிமேல் ஜன்னல் வெளிச்சம் அழகாக விழுந்திருந்தது. குனிந்து கேமராவில் பார்த்தபோது, துணியை எடுக்க ஒரு கை வந்தது. கட்டைவிரலில் அந்தத் தழும்பு. நிமிர்ந்தேன். நாலு வருஷமாக நாங்கள் தேடும் நீ, என்னைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியிருந்தாய்.

என் அண்ணன் பெரிய வேலையில் இருக்கிறான் என்று ஆசிரியரிடம் ஏற்கெனவே அளந்துவிட்டிருந்தேன்.

"கையக் கொஞ்சம் எடுங்க" என்றேன்.

"சரிங்க" என்று எடுத்துக்கொண்டாய்.

பிறகு எனக்கு மட்டும் ஐஸ் போடாமல் ஜூஸ் கொண்டுவந்து வைத்தாய். "உங்களுக்கு ஐஸ் ஆகாதுன்னு அவருக்கு எப்படித் தெரியும்?" என்றார் ஆசிரியர்.

"தெரியலையே சார்."

நீ பக்கத்து மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாய். கேட்டிருக்கும்.

அந்தப் படத்தை எல்லாரும் பாராட்டுகிறார்கள். எனக்குப் பார்க்கவே கூசுகிறது.

நேற்றுதான் அம்மாவிடம் சொன்னேன். நீ நன்றாக இருக்கிறாய் என்றதும் அழுதாள். நான் பேசாமல் வந்ததையும் சொன்னேன்.

"அவன் உன்னப் பாத்தானாடா?"

"பாத்தான்மா."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை பகலில் அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். அவளோடு பேசு. நான் வாசலிலேயே நிற்கிறேன், நீ கூப்பிட்டால் உள்ளே வருகிறேன்.

உன் தம்பி