மஹர் பங்கின் ஓட்டு

மேலப்பாளையம்,
ஞாயிறு காலை.

அன்புள்ள மச்சானுக்கு ஷம்ஸியா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் மகள் தஸ்மியாவும் சுகம். தம்மாமில் வெயில் தணிந்ததா? உங்கள் அண்ணனைப் பற்றிப் போனில் சொன்னால் பாதியிலேயே, விட்டுரு ஷம்ஸி, அவன் எனக்கு அண்ணம்லா என்பீர்கள். அதனால்தான் எழுதி, அங்கே திரும்பும் முகம்மது சுல்தானிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நேற்று நம் பஸ் கம்பெனியின் கூட்டம். பஸ்களை விற்றுவிட்டு மனை வியாபாரம் தொடங்க உங்கள் அண்ணன் நாசர் தீர்மானம் கொண்டுவந்தார். பஸ் போகாத ஊருக்கு பஸ் விடுவதே கம்பெனியின் நோக்கம் என்று கம்பெனி தொடங்கியபோது மாமா எழுதிவைத்த முதல் வரியை அடிக்கவேண்டுமாம். அந்த வரிக்காக வாதாடியதற்குத்தானே நாசர் உங்களை இயக்குநர் பதவியிலிருந்து தூக்கினார்? இன்று அந்நிய நாட்டில் லாரி ஓட்டுகிறீர்கள். நான் ஒரு நாளும் மறக்கவில்லை.

மருமகள்களுக்கு மணக்கொடையாக, மஹராகக் கம்பெனிப் பங்கு கொடுப்பது மாமா வைத்த வழக்கம். நாங்கள் நாலு பேரும் ஆண்கள் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டே பழகிவிட்டோம். மஹரில் கணவனுக்கு உரிமையில்லை என்பது நிக்காஹ் முடிந்ததுமே அவர்களுக்கு மறந்துபோனது. இந்தத் தடவை நேரிலேயே போய் உட்கார்ந்தோம்.

பிரியாணி உள்ள இருக்கு, சாப்பிட்டுட்டுப் போங்க என்றார் நாசர். பிறகு, பங்குதாரர் சொல்லுததைக் கேக்கதுதான் கம்பெனிக்கு ஒரே வேலை என்று அரைமணி நேரம் பேசினார். நான் எழுந்து, நாங்களும் பங்குதாரர்தான், எங்களுக்கு பஸ்தான் வேணும் என்றேன். தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு ஓட்டு வேண்டும். எங்கள் மஹர் மட்டுமே மூன்றில் ஒன்று. எதிர்த்து முதலில் உயர்ந்தது நாசரின் மனைவி ஜமீலா லாத்தாவின் கை. லாத்தாவின் உம்மா ஊரான ராதாபுரத்துப் பக்கம் போன பஸ்ஸைத்தான் அவர் முதலில் நிறுத்தியிருந்தார். தீர்மானம் தோற்று நாசர் முகம் வெளிறியதைப் பார்த்து என் வயிறு குளிர்ந்தது மச்சான். அல்லாஹ் மன்னிக்கட்டும், பொய் சொல்ல மனமில்லை.

இது எனக்குப் போதாது. அடுத்த மாதக் கூட்டத்தில் இயக்குநர் பதவியிலிருந்து அவரையே நீக்க நோட்டீஸ் கொடுத்துவிட்டேன். அதற்குப் பாதிக்கு மேல் ஓட்டு வேண்டும். உங்கள் பங்கும் சேர்ந்தால்தான் நடக்கும்.

அவர் உங்களுக்குப் போன் போட்டு அழுவார். நீங்கள் உருகிவிடுவீர்கள், எனக்குத் தெரியும். மன்னிக்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் அதைப் போனில் செய்யாதீர்கள். டிக்கெட் எடுத்து வாருங்கள். கூட்டத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து கையைத் தூக்குங்கள். அதன்பிறகு, என் கண் முன்னால், மனசார மன்னியுங்கள்.

தஸ்மியா போன் திரையைத் தொட்டுத்தான் வாப்பா என்கிறாள். ரப்பு உங்களை நல்லபடியாக வீடு சேர்க்கட்டும்.

உங்கள்,
ஷம்ஸியா